‘கடல்’ படத்தை நிறுத்திய பங்குச் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குச் சபை உறுப்பினர்களுக்கும்,

திருவிழா வாரத்தில் கோயில் மண்டபத்தில் இளைஞர் ஒன்றியம் காட்டவிருந்த ‘கடல்’ திரைப்படத்தை வேண்டாம் என்று நிறுத்திவிட்டீர்கள். அறிவித்தல் பலகையில், நவநாள் நேர அட்டவணைக்குப் பக்கத்தில், அந்த முடிவு ஒட்டப்பட்டிருக்கிறது. குருத்துவத்துக்கு இழுக்கு, கடற்கரை மக்களுக்கு அவமதிப்பு, பிள்ளைகளுக்குப் பொருந்தாத வன்முறை என்று மூன்று காரணங்கள். கீழே யாருடைய கையெழுத்தும் இல்லை. செயலாளரிடம் நான் கொடுத்த கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. இளைஞர்கள் நேரில் வந்து கேட்டபோது அவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் பங்கு மக்கள் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வடகொழும்புக் கரையில் பிறந்து வளர்ந்தவள். படகில் போன ஒருவரின் மகள், இன்றும் படகில் போகிற ஒருவனின் அக்கா. நம் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கிறேன். இந்தப் படத்தைத் தெரிவு செய்த பிள்ளைகளில் அரைவாசிப் பேர் என் வகுப்பில் இருந்தவர்கள். ஏன் இந்தப் படம் என்று நீங்கள் அவர்களிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவர்கள் சொன்ன பதில் உங்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

சபையில் பெரும்பாலானோர் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை என்று கூட்டத்தில் இருந்த ஒருவரே என்னிடம் சொன்னார். எனவே கதையைச் சொல்லிவிடுகிறேன். மணிரத்னம் இயக்கி 2013 பெப்ரவரியில் வெளிவந்த படம். கதை நடப்பது தமிழ்நாட்டின் தென்கரையில் ஒரு மீனவக் கிராமத்தில். குருமடத்தில் இரண்டு பேர் படிக்கிறார்கள். வசதியான குடும்பத்தை விட்டு, இது இறைவன் கொடுத்த அழைப்பு என்று நம்பி வந்தவர் சாம் பெர்னாண்டோ. அரவிந்த்சாமி நடித்திருக்கிறார். வறுமையிலிருந்து தப்ப வந்தவன் பெர்க்மான்ஸ். அது அர்ஜுன். பெர்க்மான்ஸ் ஒரு பெண்ணோடு இருப்பதைச் சாம் கண்டுவிடுகிறார், மறைக்க மறுக்கிறார். பெர்க்மான்ஸ் வெளியேற்றப்படுகிறான். உன்னைப் பாவத்தில் விழுத்திக் காட்டுவேன் என்ற வெறியோடு போகிறான்.

வருடங்கள் கழித்துச் சாம் குருவாகி அந்தக் கிராமத்துக்கு வருகிறார். கோயில் பாழடைந்து கிடக்கிறது. பூசைக்கு ஆள் இல்லை. தாய் செத்துப்போய், தகப்பன் தன் பிள்ளை இல்லை என்று தள்ளிவிட, யாருக்கும் வேண்டாதவனாகத் திரிகிற ஒரு பையன் அங்கே இருக்கிறான். தோமஸ். சாம் அவனைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறார். அடியும் வசவும் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளை கடலுக்குப் போய் உழைக்கிறவனாக வளர்கிறான். பிறகு, சுடுபட்டுக் கிடக்கும் பெர்க்மான்ஸைச் சாமே காப்பாற்றுகிறார். அந்த இரக்கத்தையே பிடித்துக்கொண்டு பெர்க்மான்ஸ் அவர் தலையில் ஒரு பழியைக் கட்டுகிறான். ஊர் திரண்டு வந்து தன் குருவை அடிக்கிறது. அவர் சிறைக்குப் போகிறார். தோமஸ் பெர்க்மான்ஸின் ஆளாகிறான். கடத்தல், கொலை. கபடமே தெரியாத பீட்ரிஸ் என்ற பெண்ணால் அவன் மனம் திரும்பத் தொடங்குகிறது. முடிவில் நடுக்கடலில், புயலுக்குள், பெர்க்மான்ஸைக் கொல்லத் துணிவது சாமின் கை. அதைத் தடுப்பவன் தோமஸ்.

இதில் குருத்துவத்துக்கு இழுக்கு எங்கே இருக்கிறது? குரு பொய்ப் பழி சுமக்கிறார், அவ்வளவுதான். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது நம் பங்கிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். இரவு முழுக்கப் புல்லில் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். அந்த ஜோசப் வாஸ் 1692இல் கண்டியில் போர்த்துக்கேயரின் உளவாளி என்ற பொய்க் குற்றச்சாட்டில் சிறை வைக்கப்பட்டவர். அந்தக் கதையை நாங்கள் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு குரு பழி சுமந்து சிறை போவதைப் புனிதரின் வரலாற்றில் படிக்கலாம், திரையில் பார்க்கக் கூடாது என்றால் பிள்ளைகளுக்கு நான் என்ன விளக்கம் சொல்ல?

பெர்க்மான்ஸ் குருமடத்தில் படித்தவன், அவனைச் சாத்தானாகக் காட்டலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். யூதாஸ் இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவன். தவக்காலத்தில் நீர்கொழும்பின் தூவ மீனவக் கிராமத்தில் திருப்பாடுகளின் காட்சி நடக்கிறது. மன்னார் பேசாலையில் உருவப் பொம்மைகளை வைத்துத் திருப்பாடுகளைக் காட்டும் உடக்குப் பாஸ் நாடறிந்தது. எங்கேயாவது யூதாஸை வெட்டிவிட்டு மேடையேற்றியிருக்கிறார்களா? நம் கடற்கரைக் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக நன்மையும் தீமையும் மோதுவதை மேடையில் பார்த்து வளர்ந்தவர்கள். எஸ்தாக்கியார் கூத்தில் ஒரு மனிதர் மனைவியையும் பிள்ளைகளையும் உடைமையையும் இழந்து சோதிக்கப்படுவதை இரவிரவாக விழித்திருந்து பார்த்து அழுதவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு படத்தைத் தாங்க மாட்டார்கள் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

அடுத்தது, கடற்கரை மக்களுக்கு அவமதிப்பு. இதை வாசித்தபோதுதான் எனக்கு மிகவும் கோபம் வந்தது.

படத்தில் வருகிறவர்கள் கரடுமுரடாகப் பேசுகிறார்கள். உண்மை. என் அப்பாவும் அப்படித்தான் பேசினார். வலை கடலடிப் பாறையில் சிக்கி, எஞ்சின் நின்று, காற்று மாறுகிற நேரத்தில் படகுக்குள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது கடலுக்குப் போன எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு அவமானமாக இருக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கரை நமக்கு அந்நியமில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்த பரதவர் குடும்பங்கள் நம் பங்கில் இன்றும் இருக்கின்றன. 1542இல் கோவாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சவேரியார் அதே வருடம் தேடிப் போனது அந்த முத்துக்குளிப்புக் கரையைத்தான். மணப்பாட்டில் அவர் தங்கிய குகையை இன்றும் மக்கள் போய் வணங்குகிறார்கள். நம் அப்பம்மாக்கள் சொன்ன செபங்களில் பாதி அங்கிருந்து வள்ளத்தில் வந்தவை. அந்த மக்களின் பேச்சும் கோபமும் திரையில் வந்தால் நமக்கு அவமதிப்பு என்று யார் சொல்வது?

கடற்கரை மக்களுக்காகப் பேசுகிற சபையில் கடற்கரையைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. கூட்டம் வைப்பது படகுகள் இறங்குகிற நேரத்தில். திருவிழாச் செலவுக்குப் படகுக்காரர்கள் ஒரு நாள் உழைப்பைக் கோயிலுக்குக் கொடுக்கிறார்கள், நீங்கள் வாங்குகிறீர்கள். சொரூபத்தை வைத்துத் தூக்கிச் செல்லும் கூட்டுக்கு அலங்காரம் என்ன, பேண்ட் வாத்தியம் யாருடையது, மண்டபத்தில் என்ன நடக்கலாம் என்பதை மட்டும் பிரதான வீதிக்காரர்கள் கூடி முடிவெடுக்கிறீர்கள். என் தம்பியிடம் அவமதிப்பு எது என்று கேட்டிருந்தால் படத்தைச் சொல்லியிருக்க மாட்டான்.

இப்போது அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுடைய பெயரை எழுத மாட்டேன். உங்களுக்கு யாரென்று விளங்கும்.

அவனுடைய தகப்பன் சின்னப் படகுக்காரர். வெளியிணைப்பு எஞ்சின், ஒரு கூட்டாளி, விடியப் போய் வெயில் ஏற முதல் திரும்புகிற தொழில். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவியபோது மீன் என்றாலே சனம் பயந்தது. பிடித்து வந்த சாலயா மீனைக் கரையில் கொட்டிவிட்டுக் குந்தியிருந்தவர்களை நான் கண்டேன். அது கொஞ்சம் சரியாகி வரும்போது, 2021 மே 20ஆம் திகதி எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் நம் கண் முன்னால் எரியத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள். அமிலம், இரசாயனம், பிளாஸ்டிக் உருண்டைகள். காக்கைதீவுக் கரையில் மணலை அள்ளினால் கை நிறைய வெள்ளை உருண்டை வந்தது. கடலுக்குப் போகக் கூடாது என்று தடை. நிவாரணம் என்று வந்தது கடனுக்கே போதவில்லை. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பையனின் தகப்பன் 2021லேயே முதலாளியிடம் கைநீட்டிவிட்டார். கடன் தந்த முதலாளிக்கே மீன் கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்கே கொடுக்க வேண்டும். பிறகு 2022 ஓகஸ்டில் 87 ரூபாய்க்கு விற்ற மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. படகு கரையேறியது.

பையன் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே பள்ளிக்கூடத்தை விட்டான். கொஞ்ச நாள் தகப்பனோடு வலை பொத்தினான். பிறகு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து அவனுக்கு ஒரு போன் கொடுத்தார். வேலை இதுதான்: சந்தியில் நிற்க வேண்டும், பொலிஸ் வந்தால் ஒரு மெசேஜ் போட வேண்டும். குடு என்கிற ஹெரோயினையும் ஐஸ் என்கிற போதைப்பொருளையும் கையால் தொடவே தேவையில்லை என்று சொன்னார்களாம். ஒரு பின்னேரத்துக்குக் கிடைத்த காசு தகப்பன் கடலுக்குப் போய்வந்து கொண்டுவரும் பங்கைவிடக் கூட. என் வகுப்புக்கு வருகிற நாட்களில் அவன் கையில் மீன் செதிள் ஒட்டியிருக்கும், நகத்துக்குள் இரத்தம் காய்ந்திருக்கும். அது போனது. விலை கூடிய சென்ட் வாசம் வந்தது. நான் கூப்பிட்டுக் கேட்டேன். “ஒண்ணும் இல்ல டீச்சர், சும்மா ஒரு வேல” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த திருவிழாவில் கூடு தூக்குபவர்களின் பட்டியலிலிருந்து அவன் பெயரை வெட்டினீர்கள். அவனுடைய தகப்பனும் அப்பப்பாவும் தூக்கிய கூடு அது. தாய் வந்து கேட்டபோது கோயிலுக்குக் கெட்ட பெயர் வரும் என்றீர்கள். இளைஞர் ஒன்றியத்திலும் அவனைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. கூடு சுற்றி வந்த இரவு அவன் வீதியின் மற்றப் பக்கத்தில், மூடியிருந்த கடைப் படியில் நின்றான். எங்கள் வரிசை போனபோது சிலுவை அடையாளம் போட்டதை நான் கண்டேன். அதன் பிறகு சந்தியில் நிற்கிற வேலை பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையாக மாறியது. அவனும் பாவிக்கத் தொடங்கினான். பிடிபட்டான். விளக்கமறியல், பிறகு புனர்வாழ்வு. இப்போது வெளியில் வந்திருக்கிறான். வேலை தேடுகிறான். நம் கரையில் எந்தப் படகும் அவனை ஏற்றப் பயப்படுகிறது.

தமிழ்ப் படங்களில் மீனவக் கிராமம் என்றால் பெரும்பாலும் கெட்டவன் ஒரு முதலாளி. கடன் கொடுப்பான், வலையைப் பறிப்பான், பெண்ணைத் தூக்குவான். கதாநாயகன் அவனை அடித்துப் போட்டால் ஊருக்கு விடிவு. நானும் அப்படிப்பட்ட படங்களைக் கைதட்டிப் பார்த்தவள்தான். இந்தப் படம் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. பசியும் அவமானமும் ஒருவனை எங்கே கொண்டுபோய் விடும் என்று பெர்க்மான்ஸை வைத்துக் காட்டுகிறது. ஒருவர் சேர்த்துக்கொண்டால் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் வர முடியும், அந்த ஒருவரைப் பறித்துவிட்டால் அதே பிள்ளை எவ்வளவு சீக்கிரம் கீழே போகும் என்று தோமஸை வைத்துக் காட்டுகிறது. இப்போது இளைஞர்கள் சொன்ன பதிலைச் சொல்கிறேன். அவர்களில் ஒருத்தி, இருபது வயதுகூட ஆகாதவள், சொன்னாள்: “டீச்சர், தோமஸ் காசுக்காக மட்டும் அவங்களோட போகல்ல. ஃபாதரக் கொண்டு போனதுக்குப் பிறகு அவனுக்குப் போறதுக்கு ஒரு வீடும் இல்லயே. நம்மட ஆக்களும் அப்பிடித்தானே போறாங்க.” மற்றவர்கள் ஒன்றும் பேசவில்லை, தலையாட்டினார்கள். அவர்கள் மனதில் யார் இருந்தான் என்று எனக்கு விளங்கியது. அவனையும் படம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

பலநாள் படகுகளில் ஹெரோயின் பிடிபட்டதாகச் செய்தி வருகிறதே, அப்போது செய்தியோடு வரும் புகைப்படத்தில் கைவிலங்கோடு வரிசையாகக் குந்தியிருப்பவர்களைப் பாருங்கள். எல்லாம் கூலிக்கு ஏறினவர்கள். சரக்குக்குச் சொந்தக்காரன் அந்தப் புகைப்படத்தில் இருக்க மாட்டான். பெர்க்மான்ஸ் இந்தக் கரையில் எத்தனையோ பெயரில் உலாவுகிறான். தோமஸைத் தேடி மோட்டார் சைக்கிளில் வருகிறான். தேடி வர அவனுக்கு நேரம் இருக்கிறது, நமக்கு இல்லை. இதைத் திருவிழா வாரத்தில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசாமல் எங்கே போய்ப் பேசுவது?

படத்தில் எனக்கு மிகவும் வலித்தது ஊர் திரண்டு வந்து குருவை அடிக்கிற காட்சி. முதல் நாள்வரை பூசையில் அவர் கையால் நற்கருணை வாங்கினவர்கள். யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு கேள்வி கேட்காமல், அடிக்கப் பாய்கிறார்கள். கடற்கரை மக்களை இப்படிக் காட்டலாமா என்பது உங்கள் கேள்வி. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு வந்த கிழமைகளை நினைத்துப் பாருங்கள். செத்தவர்களில் நமக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்தத் துயரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்தக் கிழமைகளில் நம் ஒழுங்கையில் என்ன பேசினார்கள்? வருடக்கணக்காக நம் படகுகளில் மீன் வாங்கிய முஸ்லிம் வியாபாரிக்கு இனி ஒரு மீனும் கொடுக்கக் கூடாது என்றார்கள். கடையைப் பூட்டச் சொல்லு என்றார்கள். வேறு விதமாகவும் பேசினார்கள், எழுத விரும்பவில்லை. அப்போதிருந்த பங்குத்தந்தை ஒரு பின்னேரம் தனியாக நடந்து அந்தக் கடைக்குப் போனார். வாசல் வாங்கில் உட்கார்ந்து ஒரு பிளேன்டி கேட்டார். வீதியால் போன எல்லோருக்கும் தெரியும்படி, ஆறுதலாக, அந்தக் கிளாஸ் முடியும்வரை இருந்துவிட்டு வந்தார். அதன் பிறகு கூட்டம் கூட ஒருவரும் துணியவில்லை. கொஞ்ச நாளில் படகுகள் பழையபடி அவருக்கே மீன் கொடுத்தன.

சாம் பெர்னாண்டோவைப் போன்ற ஒரு குருவை நான் திரையில் மட்டும் பார்க்கவில்லை என்று சொல்வதற்காக இதை எழுதினேன். கூட்டமாகச் சேர்ந்தால் எங்களுக்கும் கை ஓங்கும். அதைக் காட்டுகிற படம் எங்களை அவமதிக்கவில்லை.

பிள்ளைகளுக்கு வன்முறை பொருந்தாது என்பது நியாயமான கவலை. சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டிய படம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இளைஞர்களும் வயது எல்லை வைக்கத் தயாராகவே இருந்தார்கள், அதை உங்களிடம் சொல்லியும் இருக்கிறார்கள். பெரிய வாரத்தில் இதே மண்டபத்தில் இயேசுவின் கசையடிக் காட்சிகளைக் கைக்குழந்தையோடு உட்கார்ந்து பார்த்தபோது இந்தக் கவலை யாருக்கும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இது குறையில்லாத படம் என்றும் நான் சொல்லவில்லை. பிற்பாதி அவசரமாக ஓடுகிறது. பீட்ரிஸ் ஒரு பெண்ணாக நம் மனதில் நிற்கவில்லை. பெர்க்மான்ஸ் தன்னைச் சாத்தான் என்று சொல்லிச் சொல்லியே களைக்க வைக்கிறான். திரையரங்குகளில் படம் சரியாக ஓடவும் இல்லை. ஆனால் ஒரு சிறுவன் பாழடைந்த கோயிலுக்குள் வந்து சேர்கிற அந்த முதற்பாதியை நம் கரையில் வளர்ந்த யாராலும் சும்மா பார்த்துவிட்டு எழும்ப முடியாது.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். முதலில், சபையினர் எல்லோரும் இந்தப் படத்தை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். இளைஞர்கள் ஏற்பாடு செய்து தருவார்கள். பார்த்த பிறகு, தடையை விலக்குங்கள். பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று வைத்து, நவநாள் முடிந்த ஓர் இரவில், ஒரு காட்சியும் வெட்டாமல் மண்டபத்தில் காட்ட அனுமதியுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாமல், பங்குத்தந்தை அவர்களே முன்னால் இருந்து பேச்சை நடத்த வேண்டும். படகுக்காரர்கள் பேசட்டும். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பேசட்டும். போதையிலிருந்து மீண்டு வந்தவர்கள் விரும்பினால் பேசட்டும்.

பார்த்த பிறகும் மறுப்பதுதான் முடிவு என்றால், கொடியேற்றத்துக்கு முதல் காரணங்களை எழுதி, முடிவெடுத்தவர்கள் எல்லோரும் பெயரோடு கையெழுத்து வையுங்கள்.

பங்குச் சபையில் படகு இறங்குதுறைக் குடும்பங்களுக்கு இரண்டு இடமாவது ஒதுக்குங்கள். அதில் ஒன்று பெண்ணுக்கு. கூட்டத்தைப் படகுகள் வந்து மீன் விற்று முடிந்த பிறகு வையுங்கள். நம் பங்கில் போதைக்குள் விழுந்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வர ஒரு குழு அமையுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்களில் நான் வருகிறேன், இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திருவிழாவுக்கு மீன் கொடுக்கிற படகு முதலாளிமாரிடம், புனர்வாழ்வு முடித்து வருகிற பிள்ளைகளைப் படகில் ஏற்றிக்கொள்ளும்படி கோயில் சார்பாகக் கேளுங்கள். நான் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார்கள். நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கூடு தூக்குபவர்களின் பட்டியல் இந்த வருடத்துக்கு இன்னும் முடிவாகவில்லை. அதில் அவன் பெயரைச் சேருங்கள். சேர்த்ததை யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாமல் நீங்களே போய் அவனிடம் சொல்லுங்கள், ஃபாதர். பின்னேரங்களில் அவன் வீட்டில்தான் இருக்கிறான். ஒழுங்கை தெரியாவிட்டால் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியை,
வடகொழும்பு.